சுருங்கை: ஒரு பெட்ரோல் குழாயின் வரலாறு

மதுரை மாநகரில், யானைகள் நிரையாகச் சென்றுவரும் அளவுக்கு அகன்ற மறைவழி ஒன்று இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டும். அதன் பெயர் சுருங்கை. கிரேக்க மொழியில் குழாயைக் குறிக்கும் 'ஸிரிங்ஸ்' என்ற சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர் மொழியறிஞர். கோட்டையையும் கொத்தளத்தையும் பாடிய புலவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு வழியையும் மறவாமல் பதிந்துவைத்தார் என்பதில் நமக்கு எப்போதும் ஒரு வியப்பு உண்டு. வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. மோட்டார் வாகனத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டால், எஞ்சினைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் உண்டு. டாங்கியிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கொண்டுசேர்க்கும் சுண்டுவிரல் பருமனான குழாயைப் பற்றி ஒரு பத்தி கிடைப்பது அரிது.

தமிழ் கற்பிப்பவருக்குப் பெட்ரோல் குழாயில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர், இப்போது சொந்தமாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். பிழைப்புக்குப் பிறருடைய கார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கென்று ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1960களில் சென்னையில் உருவான வண்டி. நான்கு ஆண்டுகளாகப் பிரித்தும் சேர்த்தும் வந்ததை ஒருநாள் தெருவில் ஓட்டிப் பார்த்திருக்கிறார். பின்னிருக்கையில் அமர்ந்திருந்த சிறுமகள், "அப்பா, பெட்ரோல் பங்க் வாசனை வருதுப்பா" என்றாளாம். வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தபோது, டாங்கியின் வாயில் மாட்டியிருந்த ரப்பர் ஹோஸ் வெடித்து, அதன் வழியே பெட்ரோல் துளித்துளியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை தூரத்தில் சூடான சைலன்சர் குழாய். "எஞ்சினுக்கு நாலு வருஷம் செலவழிச்சேன் ஐயா. இந்த ஒரு சாண் ஹோஸை மாத்தணும்னு தோணல" என்று அவர் நம்மிடம் சொன்னபோது, குரலில் இருந்தது வெட்கமா அச்சமா என்று பிரித்தறிய முடியவில்லை.

பழைய குழாய் முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு, டாங்கியிலிருந்து கார்புரேட்டர்வரை புதிதாகத் தம் கையாலேயே ஒன்றைச் செய்ய அவர் முடிவெடுத்தார். அந்த ஞாயிறுகளில் நாமும் உடனிருந்தோம். அப்போது எழுந்த கேள்விகளுக்கு விடை தேடிச் சென்றதே இக்கட்டுரை.

*

கதை ஒரு கொண்டையூசியில் தொடங்குகிறது.

1886ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று ஜெர்மானியப் பொறியாளர் கார்ல் பென்ஸ் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். வண்டி இருந்தது, வாங்குவதற்கு ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லிக்கொள்ளாமல், பதின்வயது மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து தம் தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. மோட்டார் வண்டியின் முதல் நெடும்பயணம் என்று இதனை வரலாறு போற்றுகிறது.

அக்காலத்தில் பெட்ரோல் நிலையம் ஏது? வீஸ்லொக் என்ற சிற்றூரின் மருந்துக்கடையில், கறை நீக்கப் பயன்படும் லிக்ராய்ன் என்ற திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். வழியில் எரிபொருள் செல்லும் குழாய் அடைத்துக்கொண்டது. பெர்த்தா தம் தொப்பியில் செருகியிருந்த நீண்ட ஊசியை எடுத்து அடைப்பைக் குத்தி நீக்கினார். தேய்ந்துபோன மின்கம்பிக்குத் தம் காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டைகளுக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் பொருத்திக்கொண்டார். வீடு வந்து சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி போனது.

இந்நிகழ்ச்சியைப் பெண்ணின் துணிச்சலுக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம், அது சரியே. நாம் இங்குக் கவனிக்க விரும்புவது வேறொன்று. மோட்டார் வண்டி முதன்முதலாக நெடுஞ்சாலைக்கு வந்த அன்றே, எஞ்சினிடம் பெரும்பழுது ஏற்படவில்லை. குழாய் அடைத்தது, கம்பி தேய்ந்தது, கட்டை மெலிந்தது. தொல்லை தந்தவை எல்லாம் இடையில் நின்று இணைப்பவை.

*

அடுத்து வந்த நாற்பது ஆண்டுகளின் சிக்கல் எளிமையானது: பெட்ரோலை மேலே ஏற்றுவது எப்படி?

மிக எளிய வழி, ஏற்றாமலே விடுவது. டாங்கியை உயரத்தில் வைத்தால் நீர் தன்னால் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் பெட்ரோலும் ஓடும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உருவான ஃபோர்டு மாடல் டி வண்டியில் டாங்கி முன்னிருக்கைக்கு அடியில் இருந்தது. ஓட்டுநர் பெட்ரோலின் மேலேயே உட்கார்ந்திருப்பார். சமதரையில் தொல்லையில்லை. செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கு உயர்ந்ததும், டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருந்தால், கார்புரேட்டர் டாங்கியைவிட மேலே போய்விடும், எஞ்சின் நின்றுவிடும். அதனால் மலைச்சாலைகளில் மாடல் டி ஓட்டியவர்கள் வண்டியைத் திருப்பி, பின்னோக்கியே மேடேறினார்கள். அமெரிக்கக் கிராமத்தாரின் நினைவுக் கதைகளில் இக்காட்சி நகைச்சுவையாக இடம்பெறும். ஒரு குழாயின் சாய்வு மனிதர்களை மலைக்கு முதுகு காட்டி ஏறவைத்தது.

விலையுயர்ந்த வண்டிகள் சிலவற்றில் டாங்கிக்குள் காற்றை அடித்து அழுத்தம் உண்டாக்கிப் பெட்ரோலைத் தள்ளினார்கள். புறப்படும் முன் கைப்பம்பால் அடிக்க வேண்டும். 1910களிலும் 20களிலும் எஞ்சினின் உறிஞ்சுவிசையையே பயன்படுத்தி, சிறிய இடைத்தொட்டி ஒன்றுக்குப் பெட்ரோலை இழுக்கும் முறை பரவியது. அதிலும் ஒரு குறை. நீண்ட ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்திருக்கும்போது அந்த உறிஞ்சுவிசை குறைந்துவிடும். எஞ்சினுக்கு எப்போது மிகுதியாகப் பசிக்கிறதோ, அப்போது ஊட்டும் கை தளர்ந்துவிடும். 1920களின் இறுதியில், எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்கும் சவ்வுப் பம்பு வந்தபிறகுதான் இச்சிக்கல் தீர்ந்தது. டாங்கி வண்டியின் பின்புறம் போயிற்று. குழாய் நீண்டது.

நீண்ட குழாய்க்கு எந்த உலோகம் தகும்? தொடக்கத்தில் செம்பு. கையால் வளையும், எளிதில் வாய் விரியும். ஆனால் ஓயாத அதிர்வில் செம்பு இறுகிப்போகும்; இறுகியது ஒருநாள் கீறிக்கொள்ளும். டெட்ராய்ட்டில் ஹாரி பண்டி என்பவரின் நிறுவனம் இதற்கு மாற்றுக் கண்டது. செம்பு பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி உலையில் இட்டால், செம்பு உருகி இரு சுற்றுகளையும் ஒட்டிவிடும். பார்வைக்கு ஒன்று, உள்ளே இரண்டு. இன்றும் உலகின் பல கார்களுக்கு அடியில் ஓடும் பிரேக் குழாய்கள் இம்மரபில் வந்தவையே.

குழாய் நீண்டபோது புதிய பகை ஒன்றும் வந்தது. 1932இல் ஃபோர்டு வெளியிட்ட வி-8 வண்டியில், பம்பு எஞ்சினின் உச்சியில், வெப்பத்தின் நடுவில் அமைந்திருந்தது. கோடை நாள்களில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகும். திரவத்தை இழுக்கத் தெரிந்த பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. அமெரிக்கர்கள் குழாயின்மேல் துணி உலர்த்தும் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டினார்கள். நம் ஊரில் பம்பின்மேல் ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தார்கள். அம்பாசடரில் உதகை ஏறிய தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரக் கிளிப்பு உண்மையில் பயன்பட்டதா, அல்லது அதை மாட்டும் நேரத்தில் எஞ்சின் தானே ஆறியதா என்பது இன்றும் வழக்காடத்தக்கதே.

*

குழாயின் வரலாற்றில் மிகக் கடினமான பகுதி குழாய் அன்று; மூட்டு. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் கசிவு பிறக்கிறது.

கிளீவ்லாந்து நகரில் 1917ஆம் ஆண்டு ஆர்தர் பார்க்கர் என்ற பொறியாளர் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். 1919இல் பனி படர்ந்த மலைச்சாலையில் அவருடைய சரக்கு லாரி வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. கைவசம் இருந்த சரக்கு அனைத்தும் அதோடு போயிற்று. பார்க்கர் மீண்டும் சம்பள வேலைக்குச் சென்று, பணம் சேர்த்து, 1924இல் மறுபடி தொடங்கினார். அவர் செய்தவை குழாய் இணைப்புகள். குழாயின் முனையைப் புனல்போல் விரித்து, அதை ஒரு கூம்பின்மேல் அமர்த்தி, நட்டால் இறுக்குவது. பசையும் நூலும் வேண்டா. உலோகம் உலோகத்தின்மேல் முழுவட்டமாகப் பொருந்தினால் அதுவே அடைப்பு.

1927 மே 20ஆம் நாள் சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து தனியாகப் புறப்பட்டு, முப்பத்துமூன்றரை மணி நேரம் பறந்து பாரிஸில் இறங்கினார். அவருடைய விமானம், எளிமையாகச் சொன்னால், பறக்கும் பெட்ரோல் தொட்டி. 450 காலன், அதாவது ஏறத்தாழ 1,700 லிட்டர், ஐந்து தொட்டிகளில். விபத்து நேர்ந்தால் எஞ்சினுக்கும் தொட்டிக்கும் நடுவில் நசுங்க விரும்பாத அவர், பெரிய தொட்டியைத் தமக்கு முன்னால் வைக்கச் சொன்னார். அதனால் முன்புறக் காட்சியே மறைந்தது. வழிநெடுகத் தொட்டி மாற்றித் தொட்டி திறந்து எடையைச் சமன்செய்தார். அத்தனை தொட்டிகள், அத்தனை குழாய்கள், அத்தனை மூட்டுகள். ஒன்று கசிந்திருந்தாலும் அட்லாண்டிக்கின் நடுவில் உதவிக்கு எவரும் இல்லை. அவ்விமானத்தில் இருந்தவை தங்கள் இணைப்புகளே என்று பார்க்கர் நிறுவனத்தின் வரலாறு பெருமையோடு சொல்லிக்கொள்கிறது.

இரண்டாம் உலகப்போர் இந்தச் சிறு பொருளைக் கோடிக்கணக்கில் கேட்டது. தரைப்படை விமானங்களுக்கு ஓர் அளவு, கடற்படை விமானங்களுக்கு வேறோர் அளவு என்றிருந்தால் போர்க்களத்தில் எதையும் எதனோடும் பொருத்த முடியாது. எனவே இரு படைகளும் பொதுத்தரம் ஒன்றை வகுத்தன. ஆர்மி, நேவி என்ற பெயர்களின் முதலெழுத்துகளால் அது ஏ.என். தரம் எனப்பட்டது. விரிவாயின் கோணம் 37 பாகை. அளவெண் என்பது குழாயின் வெளிவிட்டத்தை ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளாகச் சொல்வது. ஆறாம் எண் என்றால் ஆறு பங்கு, அதாவது முக்கால் அங்குலத்தில் பாதி. கார்த்தொழிலில் வழங்கியதோ 45 பாகை. இரண்டும் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றும். ஒன்றின்மேல் மற்றொன்றை முறுக்கினால் இறுகியதுபோலவும் இருக்கும். ஓரத்தில் ஒரு கோடு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். அது கசியும்; இன்றில்லாவிட்டால் நாளை.

1945 புத்தாண்டு நாளில் ஆர்தர் பார்க்கர் காலமானார். அவ்வாண்டே போரும் முடிந்தது. படைகளின் கொள்முதல் ஒரே மூச்சில் நின்றது. நிறுவனத்தைக் கலைத்துவிடுமாறு ஆலோசனை வந்தது. அவருடைய மனைவி ஹெலன் பார்க்கர் மறுத்தார். தம் பணத்தை இட்டு, புதிய நிர்வாகிகளைத் தேடி அமர்த்தி, நிறுவனத்தைக் காத்தார். ஹெலனுக்கு எஞ்சின் வரலாறுகளில் இடமில்லை.

*

சொந்தக் கையால் கார் கட்டும் கலை இங்குதான் கதையில் நுழைகிறது.

தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலையில் வறண்ட ஏரிகள் சில உண்டு. மியூராக் என்ற ஏரியின் படுகை சிமெண்டுத் தரைபோல் இறுகி, மைல்கணக்கில் சமமாகக் கிடக்கும். 1930களில், பழைய மாடல் டி, மாடல் ஏ வண்டிகளின் மட்காப்பையும் கூரையையும் கழற்றிவிட்டு, எவ்வளவு வேகம் போகும் என்று அங்கே ஓட்டிப் பார்த்தார்கள் இளைஞர்கள். 1937இல் அவர்களுடைய குழுக்கள் சேர்ந்து, நேரம் கணிக்கும் சங்கம் ஒன்றை அமைத்தன. போர் வந்தது. மியூராக் இராணுவத்தின் கைக்குப் போய்ப் பின்னாளில் எட்வர்ட்ஸ் விமானத்தளம் ஆயிற்று. இளைஞர்களில் சிலர் போர்முனைக்கும், சிலர் பர்பாங்கிலும் சாண்டா மோனிகாவிலும் இருந்த விமானத் தொழிற்சாலைகளுக்கும் போனார்கள்.

1946இல் எல் மிராஜ் என்ற மற்றோர் ஏரியில் அவர்கள் மறுபடி கூடியபோது, கைகளில் புதிய தேர்ச்சி இருந்தது. குழாய் வெட்டவும், பிசிறு எடுக்கவும், வாய் விரிக்கவும், அலுமினியத்தைப் பற்றவைக்கவும் அரசாங்கச் செலவில் கற்றிருந்தார்கள். நகரின் உபரிக் கிடங்குகளில் போர்விமானப் பாகங்கள் மலிவாகக் குவிந்து கிடந்தன: நீலச் சாயலிட்ட அலுமினிய இணைப்புகள், கம்பி பின்னிய ஹோஸ்கள், கைப்பம்புகள், வால்வுகள். நீலம் என்றால் அலுமினியம், கறுப்பு என்றால் எஃகு. இன்று உலகெங்கும் பந்தய வண்டிகளின் எஞ்சினறையைத் திறந்தால் மின்னும் அந்த நீலம், போர்க்காலத்தின் அடையாளக் குறி என்பதை அறிந்தவர் சிலரே.

பில் பர்க் என்பவர் கடலோரக் காவற்படையில் பணியாற்றிய நாளில், பசிபிக் தீவொன்றில் விமானங்களின் கூடுதல் எரிபொருள் தொட்டிகள் இறக்கப்படுவதைப் பார்த்தார். மீன் வடிவம், காற்றைக் கிழிக்கும் மூக்கு. ஊர் திரும்பியதும், 1946இல், பி-51 போர்விமானத்தின் தொட்டிக்குள் ஓர் எஞ்சினைப் பொருத்தினார். பிறகு பி-38இன் பெரிய தொட்டிக்கு மாறினார். எரிபொருளைச் சுமந்த கலமே வண்டியின் உடலாயிற்று. போருக்குச் செய்தது விளையாட்டுக்கு வந்துசேர்ந்த விதங்களில் இதைவிட நேரடியான ஒன்றை நாம் அறியோம்.

ஸ்டூவர்ட் ஹில்பார்ன், பெயிண்டுத் தொழிற்சாலையில் வேதியியலராக இருந்து விமானப்படையில் பணிபுரிந்து திரும்பியவர். கார்புரேட்டரையே தூக்கியெறிந்துவிட்டு, எஞ்சினால் சுழலும் பம்பு ஒன்றின் மூலம் ஒவ்வோர் உருளைக்கும் நேராக எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பைத் தாமே வடித்தார். 1948இல் அவருடைய வண்டி மணிக்கு 150 மைல், அதாவது 241 கிலோமீட்டரைத் தாண்டியது. வறண்ட ஏரியில் அந்த எல்லையைக் கடந்த முதல் வண்டி அது. அவ்வமைப்பில் மிஞ்சிய எரிபொருள் இன்னொரு குழாய் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். ஒருவழிப் பாதை இருவழிப் பாதை ஆயிற்று. ஓயாமல் சுற்றிவரும் எரிபொருள் குழாயில் தேங்கிக் கொதிப்பதில்லை என்பது இதன் உபரிப் பயன்.

இத்தனையும் கல்லூரியோ பெருநிறுவனமோ செய்தவை அல்ல. வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைகளில், ஒருவர் கையைப் பார்த்து மற்றொருவர் கற்றுச் செய்தவை. நமக்கு மிகப் பழக்கமான ஒரு கல்விமுறை அது. குருவின் அருகிருந்து ஏடு படியெடுத்த மாணாக்கனுக்கும், அண்டை வீட்டுக்காரரின் அருகிருந்து குழாய் வளைத்த இளைஞனுக்கும் உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. இருவரும் பிழையோடு படியெடுத்தால் அப்பிழை அடுத்தவருக்குப் போகும்.

*

அப்பிழையின் விலை என்ன என்பதை 1964ஆம் ஆண்டு காட்டியது.

மே 24ஆம் நாள் சார்லட் நகரப் பந்தயத்தில் 'ஃபயர்பால்' ராபர்ட்ஸ் என்று பெயர்பெற்ற ஓட்டுநரின் வண்டி, முன்னால் மோதிக்கொண்ட இரு வண்டிகளைத் தவிர்க்க முயன்று சுவரில் மோதிக் கவிழ்ந்தது. தொட்டி பிளந்து தீப்பற்றியது. சக ஓட்டுநர் நெட் ஜாரெட் ஓடிவந்து அவரை வெளியே இழுத்தார். ஐந்து வாரப் போராட்டத்திற்குப் பின் ஜூலை 2ஆம் நாள் ராபர்ட்ஸ் உயிர்நீத்தார். அவ்விபத்து நடந்த ஆறாம் நாள், மே 30 அன்று, இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தின் இரண்டாம் சுற்றிலேயே டேவ் மெக்டொனால்டும் எடி சாக்ஸும் பெட்ரோல் தீயில் மாண்டார்கள். பந்தயம் நிறுத்தப்பட்டது.

அதன்பிறகு அந்தப் பந்தயத்தில் பெட்ரோலை விட்டு மெத்தனாலுக்கு நகர்ந்தார்கள். உலோகத் தொட்டிக்குள் கிழியாத ரப்பர்ப் பையும், அதற்குள் பஞ்சுபோன்ற நுரையும் வைக்கும் முறை வந்தது. நேர்வழிப் பந்தயங்களை நடத்தும் தேசியச் சங்கத்தின் விதிநூலில் எரிபொருள் குழாய்க்கென்றே தனிப்பகுதி உண்டு: உலோகமல்லாத சாதாரண ஹோஸ், வண்டி முழுமைக்கும் கூட்டிப்பார்த்தால் 12 அங்குலத்தை மிஞ்சக்கூடாது, ஃபிளைவீலின் அருகே குழாய் சென்றால் அவ்விடத்தில் தடித்த எஃகுக் குழாய்க்குள் அதை அடக்க வேண்டும். இத்தகைய விதிகளைப் படிக்கும்போது அவை வறட்சியாகத் தோன்றும். அவற்றுள் பல, ஏதோ ஒரு நெருப்புக்குப் பிறகு எழுதப்பட்டவை.

சொந்தக் கையால் கட்டுவது என்பது சுதந்திரம் என்று சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் தொழிற்சாலையில் நூறு பேர் பகிர்ந்துகொள்ளும் பொறுப்பு, கொட்டகையில் ஒருவர் தலைமேல் மொத்தமாக வந்து அமர்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

*

நம் மாணவரின் பட்டறைக்குத் திரும்புவோம்.

அவர் முதலில் குழாயைத் தொடவில்லை. கெட்டியான கம்பி ஒன்றை எடுத்து, டாங்கியிலிருந்து எஞ்சின்வரை சட்டத்தின் உட்புறமாக வளைத்து வளைத்துப் பாதை வகுத்தார். சைலன்சரை விட்டு விலகி, சக்கரம் வாரியடிக்கும் கல்லுக்கு மறைந்து, சட்டத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்காமல். கம்பி ஒத்துக்கொண்ட பிறகே குழாய் அந்த வடிவத்துக்கு வளைந்தது. வளைக்கும் கருவி இல்லாமல் முழங்காலில் வைத்து வளைத்தால் குழாய் உள்வாங்கி நசுங்கும். நசுங்கிய இடத்தில் வழி குறுகும்.

வெட்டினார். உள்விளிம்பின் பிசிறை வழித்தார். ஊதிச் சுத்தம் செய்தார். வாய் விரிக்கும் முன் நட்டைக் குழாயில் ஏற்ற வேண்டும். விரித்தபின் ஏறாது. முதல் குழாயில் அவர் அதை மறந்தார். விரித்த அழகான வாயை வெட்டி எறிய நேர்ந்தது. எல்லாரும் ஒருமுறையாவது இதைச் செய்தே தீர்வார்கள் என்றார். ஒரே மடிப்பாக விரித்தால் எஃகின் ஓரம் கீறும் என்பதால், 45 பாகையில் விளிம்பை உள்ளே மடித்து இரட்டையாக விரித்தார். சட்டத்தோடு குழாயைக் கவ்வும் கிளிப்புகளுக்கு ரப்பர் உறை. தகட்டுத் துளையைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம். உலோகம் உலோகத்தோடு உரசினால் பத்தாயிரம் கிலோமீட்டரில் ஓட்டை விழும்.

எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின்மேல் அசைந்துகொண்டே இருப்பது, சட்டம் அசையாதது. இரண்டுக்கும் இடையில் நெகிழும் துண்டு ஒன்று தேவை. இங்கேதான் அவர் நெடுநேரம் தயங்கினார். இயற்கை ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பும். 1930களில் நியோப்ரீனும் நைட்ரைல் ரப்பரும் வந்தபிறகே பெட்ரோல் ஹோஸ் என்ற பொருள் நம்பகமாயிற்று. ஆனால் அந்த ரப்பர்கள் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு உரியவை. குழாய் மாறாதிருக்க, அதற்குள் ஓடுவது மாறிவிட்டது. இந்தியாவில் 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2030க்கென்று முதலில் குறித்த இலக்கு 2025லேயே எட்டப்பட்டது. எத்தனால் பழைய ரப்பர் வகைகள் பலவற்றை உப்பவும் வெடிக்கவும் செய்யும். காற்றின் ஈரத்தை ஈர்க்கும். டாங்கியின் அடியில் ஐம்பதாண்டுகளாகப் படிந்த கசடைக் கரைத்துக் குழாய்க்கு அனுப்பும். பெர்த்தாவின் கொண்டையூசிக்கு மறுபடி வேலை வந்துவிடுகிறது.

ஆகவே எத்தனாலைத் தாங்கும் உள்ளடுக்கு கொண்ட ஹோஸைத் தேடி வாங்கினார். உள்ளே டெஃப்லான், வெளியே எஃகுப் பின்னல் கொண்ட வகையும் கடையில் இருந்தது. 1938 ஏப்ரல் 6 அன்று ராய் பிளங்கெட் என்ற வேதியியலர், குளிர்பதன ஆய்வுக்கான வாயு நிரம்பிய உருளையைத் திறந்தபோது வாயு வராமல் வெண்பொடி இருக்கக் கண்டாரே, அந்தப் பொருள். நம்மவர் விலையைக் கேட்டுவிட்டு ரப்பர் வகைக்கே வந்தார். வாங்கிய தேதியைச் சிறு தகட்டில் பொறித்து ஹோஸின் கழுத்தில் கட்டினார். "இதை நான் மறந்துடுவேன் ஐயா. வண்டி ஞாபகப்படுத்தணும்" என்றார்.

அந்தத் தகடு நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது. நாம் ஏட்டுச்சுவடிகளைப் பற்றி மாணவர்க்குச் சொல்லும்போது, ஓலை நிலையானதன்று, நூற்றாண்டுக்கு ஒருமுறை எவரேனும் புதிய ஓலையில் எழுதியதால்தான் நூல் நிலைத்தது என்போம். இயந்திரமும் அப்படியே. ஹெரால்டின் எஞ்சின் அறுபதாண்டு வாழ்ந்துவிட்டது. அதை இன்னும் வாழவைப்பது, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டிய ஒரு சாண் ஹோஸ்.

எஞ்சினை இயக்கிய ஞாயிறு மாலையில் சிறுமகளும் வந்திருந்தாள். அவர் அவளை வண்டியில் ஏற்றவில்லை. எஞ்சினை அரைமணி நேரம் ஓடவிட்டு, டாங்கியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். மொத்தம் ஏழு மூட்டுகள். ஏழாவதையும் பார்த்தபின் எஞ்சினை அணைத்தார். அது முழுதும் ஆறும்வரை காத்திருந்து, மறுபடி முதல் மூட்டிலிருந்து தொடங்கினார்.